புதன்கிழமை மேசையில் எல்லோரும் சமம்

புதன்கிழமை மேசைக்குப் போகிறவர்கள் வாசலில் காலணியோடு அடையாள அட்டையையும் கழற்றிவிட வேண்டும். உள்ளே பட்டம் கிடையாது, பதவி கிடையாது, சார் மேடம் கிடையாது. எல்லோரும் எல்லோரையும் நீ, வா, போ என்றுதான் பேச வேண்டும். யார் எதைச் சொன்னாலும் அதை யார் வேண்டுமானாலும் கிழித்துத் தொங்கவிடலாம், அதற்காக ஒருத்தரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இத்தனையும் எழுதிச் சட்டம் போட்டு மாட்டியவர் பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவர் பியோ பியங்தே. கட்டுமானப் பொறியியல்காரர். அணை, சுரங்கப் பாதை என்று பாதி மாநிலத்தைத் தோண்டியவர். அப்படிப்பட்ட மனுஷன் எழுதிய கடைசி விதியை நம்புவதற்கு ஒரு தனி வெகுளித்தனம் வேண்டும். அது தாக் மிரானிடம் நிறைய இருந்தது.

மிரானுக்கு நாற்பத்து மூன்று வயது. பழைய ஆவணங்களை வாசிப்பது அவளுடைய படிப்பு. முன்னூறு வருஷத்துக்கு முந்தைய குமாஸ்தா அவசரத்தில் கிறுக்கிய சீன எழுத்தை, நாம் மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல வாசித்துவிடுவாள். அந்தக் கிறுக்கலை வாசிக்கத் தெரிந்தவர்கள் கொரியாவின் அந்தத் தென்கரை ஊரில் வேறு யாரும் இல்லை. இருந்தும் என்ன, ஒன்பது வருஷமாக மணிக்கணக்கு ஆசிரியைதான், பாடம் எடுத்த மணிக்கு மட்டும் கூலி. ஆறு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம். அவளுடைய அட்டை பச்சை, அதில் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும், தயிர்ப் பொட்டலத்தில் போட்டிருப்பதுபோல. நிரந்தரப் பேராசிரியர்களின் அட்டை நீலம், அதில் தேதி கிடையாது.

அந்த வசந்தத்தில் பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அவளுடைய துறையில் ஒரே ஒரு நிரந்தர வேலை விளம்பரமாகியிருந்தது. நேர்காணல் ஜூன் கடைசியில். இதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும். மிரானுக்கு அந்த வேலை வேண்டும். வெட்கமில்லாமல், வயிறு காய்ந்தவள் சோறு கேட்பதுபோல வேண்டும்.

மேசையில் எல்லோருக்கும் காய்கறிப் பெயர். பதவி மறந்துபோக வேண்டுமாம். துணைத் தலைவர் முள்ளங்கி. தாவரவியல் அம்மாள் பூசணி. புள்ளியியலில் இருந்த குக் ஜங்வு பூண்டு. மிரான் எள்ளு. எள்ளை எந்த ஊரில் காய்கறியில் சேர்த்தார்கள் என்று அவள் முதல் நாளே கேட்டாள். "நீ மணிக்கணக்குதானே, அதான் சின்னதாப் பாத்து வச்சேன்" என்று முள்ளங்கி சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். விதி அப்படி.

மே மாதத்து இரண்டாவது புதன்கிழமை முள்ளங்கியின் முறை. குட்டை மேசையைச் சுற்றித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வரவழைத்த கறுப்புக் குழம்பு நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர் சுவரில் படம் காட்டினார். பல்கலைக்கழகத்துக்குப் பின்னாடி துவிட்கோல் பள்ளம். அங்கே முன்னூறு பிள்ளைகள் தங்க ஆறு மாடி விடுதி. மலையடிவாரம் ஆயிற்றே, மண் சரியாதா என்று யாராவது கேட்பார்கள் என்று அவரே பதில் வைத்திருந்தார்.

"மாவட்ட வரலாற்றை ஆள் வச்சுப் படிக்கச் சொன்னேன். நானூறு வருஷம். வெள்ளம் இருக்கு, பஞ்சம் இருக்கு, புலி வந்து ஆளைத் தின்னது கூட இருக்கு. துவிட்கோல்ல மண்ணு சரிஞ்சதா ஒரு வரி கிடையாது. பாத்தீங்களா, நானும் இப்ப வரலாற்றுக்காரன் ஆயிட்டேன்" என்றார்.

கைதட்டினார்கள். மிரான் மட்டும் தட்டவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் நூலகத்துக் கிடங்கில், பட்டியலில்கூட ஏறாத பூச்சியரித்த பதிவேடு ஒன்றைப் புரட்டியிருந்தாள். வீடு வாரியாக ஆள் கணக்கு எழுதிய ஏடு. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாய் பார்லித் தண்ணீர் குடித்தாள். சுவரில் மாட்டியிருந்த விதி கண்ணில் பட்டது. படாமல் இருந்திருக்கலாம்.

"முள்ளங்கி, நீ பாத்த புத்தகம் தப்பு."

"ஓ. எள்ளு வாயைத் திறந்துருச்சு. சொல்லு."

"மாவட்ட வரலாறு எழுதினது யாரு? அந்த ஊரு அதிகாரி. தன் ஆட்சியில ஊரே மண்ணுக்குள்ள போச்சுன்னு எழுதினா மேலிடத்துல அவனுக்கு அடி விழும். எழுதுவானா? ஆனா வரி வாங்குறவன் எழுதியாகணும். இல்லாத வீட்டுக்கு வரி எங்கடான்னு கேப்பாங்களே. 1732ல துவிட்கோல்ல முப்பத்தொரு வீடு. மூணு வருஷத்துக்கு ஒருதடவை கணக்கு எடுப்பாங்க. 1735ல ஒரு வீடு கூட இல்ல. ஓரத்துல கிறுக்கி வச்சிருக்கான், 'மலை இறங்கியது, வரி நீக்கம்'னு."

அடுத்த ஒரு மணி நேரம் அந்த அறையில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பூசணி குச்சியைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சரிவில் மரங்களெல்லாம் அடித்தண்டு வளைந்து நிற்பது ஏன் என்று பத்து வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். மண் நகர நகர மரம் நிமிரப் பார்க்குமாம், அதனால் வளையுமாம். பூண்டு ஜங்வு நாப்கினை விரித்துக் கணக்குப் போட்டான். இன்னும் பத்து ஊர்ப் பதிவேடு கிடைத்தால் போதும், எந்த மலை எப்போது இறங்கும் என்று ஒரு கோடு இழுத்துவிடலாம் என்றான். மிரான் பேசினாள், கை ஆட்டினாள், பேராசிரியைகளை நீ வா போ என்றாள், ஒருத்தர் வாக்கியத்தை இன்னொருத்தர் முடித்தார்கள். சந்தோஷமாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் அன்றுதான் அவள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தாள் என்று சொல்ல வேண்டும்.

முள்ளங்கி கடைசியில் எழுந்து நின்று கைதட்டினார். "இதுக்குத்தான்யா இந்த மேசையே. என்னோட மூக்கை உடைச்சுட்டா எள்ளு. எல்லாரும் பாத்துக்குங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்தக் கூட்டத்தின் குறிப்பை அவருடைய அலுவலகமே வழக்கம்போல இணையத்தில் ஏற்றியது. துறைகள் கலந்து பேசுகிற பல்கலைக்கழகம் என்று சியோலில் அமைச்சகத்துக்குக் காட்ட வேண்டுமே. கலந்து பேசியதில் துணைத் தலைவரின் மூக்கு உடைந்தது என்பதை, பாவம், குறிப்பு எழுதிய பையன்கள் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பெற்றோர் சங்கத்துக்காரர்கள் வாசித்துவிட்டார்கள். பிணக்குழியின் மேலா எங்கள் பிள்ளைகளைப் படுக்க வைக்கப் போகிறீர்கள் என்று தொலைபேசி விடாமல் அடித்தது. திங்கட்கிழமை மிரானைத் தேடி ஜங்வு வந்தான்.

ஜங்வுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் வரை அவனும் பச்சை அட்டைதான். பதினோரு பேருக்கு நாலு மேசை போட்ட அந்த மணிக்கணக்கு ஆசிரியர் அறையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. அவனுடைய பெயரை நாலு பேருக்குத் தெரியவைத்த கட்டுரை பழங்கால வறட்சி பற்றியது. அதற்கு வேண்டிய இருநூறு குறிப்பையும் வாசித்துக் கொடுத்தது மிரான். அக்கா அக்கா என்று காலைச் சுற்றி வருவான். நீல அட்டை வந்த பிறகும் அக்கா என்றுதான் கூப்பிட்டான், அதுவரைக்கும் பெரிய மனசு.

"அக்கா, ஒண்ணும் பயப்படாதீங்க. பெரியவருக்குக் கோபமே இல்ல. ஒரு விளக்கக் கடிதம் குடுத்தாப் போதும்னாரு" என்று ஒரு காகிதத்தை நீட்டினான். அச்சடித்தே கொண்டுவந்திருந்தான்.

மிரான் வாசித்தாள். மேற்படி பதிவேடு மிகவும் சிதைந்த நிலையில் உள்ளது. ஓரக்குறிப்பு அவசர எழுத்தில் உள்ளதால் எனது வாசிப்பு நிச்சயமானதல்ல. உறுதியற்ற ஒன்றை உறுதிபோலப் பேசியதற்கு வருந்துகிறேன்.

"நிச்சயமானதல்லன்னு யாரு சொன்னா?"

"யாருமே சொல்லல. சும்மா ஒரு வார்த்தை."

"ஜங்வு, அது அவ்வளவு தெளிவா இருக்கு. என் கையெழுத்தை விடத் தெளிவா இருக்கு."

"எனக்குத் தெரியாதாக்கா? பெரியவருக்கும் தெரியும். நேத்தே புது மண் சோதனைக்கு ஆள் அனுப்பிட்டாரு. நீங்க சொன்னது வேலை செய்யுது. ஆனா பெத்தவங்க வாயை அடைக்க ஒரு காகிதம் வேணும்ல? அப்புறம்..." குரலைத் தாழ்த்தினான். "நேர்காணல் குழுவுக்கு அவருதான் தலைவர். வெளித்துறை ஆளா என்னையும் போட்டிருக்காரு. நம்ம ரெண்டு பேரு உள்ள இருக்கோம். இந்த நேரத்துல அடம் புடிச்சு நீங்களே உங்க தலையில மண்ணள்ளிப் போட்டுக்காதீங்க."

அவள் அன்று கையெழுத்துப் போடவில்லை. செவ்வாய்க்கிழமையும் போடவில்லை. புதன்கிழமை மேசைக்குப் போனாள். நூடுல்ஸ் சாப்பிட்டார்கள், இசைத்துறை ஆள் ஒருவர் தவளைச் சத்தம் பற்றிப் பேசினார். யாரும் அவளை ஒதுக்கவில்லை. எள்ளு, ஊறுகாயை இப்படித் தள்ளு என்றுகூட முள்ளங்கி சொன்னார். அவள் பேச வாய் திறந்தபோது மட்டும் ஒவ்வொருத்தரும் கிண்ணத்துக்குள் எதையோ தேடினார்கள். அது போதுமாக இருந்தது. வியாழக்கிழமை காலையில் கையெழுத்துப் போட்டு, தன் பெயர் முத்திரையும் குத்திக் கொடுத்தாள். பதிவேடு எங்கேயும் ஓடிப்போகாது, வேலை கிடைத்ததும் முழுவதையும் நானே பதிப்பித்து உண்மையைச் சொல்லிக்கொள்கிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். நல்ல சமாதானம்தான், அவளை மாதிரி ஆட்கள் எல்லோரும் சொல்லிக்கொள்வது.

ஜூன் கடைசி வாரம் நேர்காணல். கறுப்பு உடை தேய்த்துப் போட்டு, பத்து மணிக்கு வந்தவளை பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசை, ஐந்து பேர், ஐந்து நீல அட்டை. நடுவில் பியோ, ஓரத்தில் ஜங்வு. மேசைமேல் ஒரு தடித்த அறிக்கை கிடந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் தலைப்பு: பழம் பதிவேடுகளின் வழி மண்சரிவைக் கணித்தல், துவிட்கோல் விடுதிக்கான புதிய இடம். கீழே இரண்டு பெயர். பியோ பியங்தே, குக் ஜங்வு.

தலைகீழாக இருந்தாலும் ஒன்றுக்கு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தாள். மூன்றாவது பெயர் இல்லை.

"உக்காருங்க, டாக்டர் தாக் மிரான்" என்றார் பியோ. அவ்வளவு மரியாதையாக அவர் அவளிடம் அதுவரை பேசியதே இல்லை. அவளுடைய கட்டுரைகளைப் பற்றிக் கேட்டார், பாடத்திட்டம் கேட்டார். அவள் நன்றாகத்தான் பதில் சொன்னாள். இருபது நிமிஷம் கழித்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். முத்திரை சிவப்பாகத் தெரிந்தது.

"இது நீங்க குடுத்ததுதானே?"

"ஆமா சார்."

"பழைய கையெழுத்து வாசிக்கிறதுக்குத்தான் இந்த வேலை. அந்தக் கையெழுத்தை நிச்சயமா வாசிக்க முடியலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. குழுவுல ஒருத்தர் இதைக் கேக்கச் சொன்னாரு. நானாக் கேக்கல."

குழுவில் எந்த ஒருத்தர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜங்வு பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

"அது... பெற்றோருக்காகக் கேட்டீங்க சார். சும்மா ஒரு காகிதம்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

மிரான் ஜங்வுவைப் பார்த்தாள். அவன் நிமிர்ந்து, இரக்கத்தோடு, ஒரு வெளியாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"சரி, அது கிடக்கட்டும்" என்றார் பியோ. "நேரடியா ஒரே கேள்வி. மேசையில சொன்னது உண்மையா, இதுல எழுதினது உண்மையா?"

கேள்வியை அவர் எத்தனை நாள் தீட்டி வைத்திருந்தாரோ தெரியாது. எழுதினது உண்மை என்றால் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மேசையில் சொன்னது உண்மை என்றால் பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டவள். இந்தப் பக்கம் போனாலும் குழி, அந்தப் பக்கம் போனாலும் குழி, வெட்டினவர் எதிரே கை கட்டி உட்கார்ந்திருந்தார்.

"மேசையில சொன்னதுதான் உண்மை" என்றாள் மிரான். "உங்க முன்னால கிடக்குற அறிக்கையே அதை வச்சுத்தானே சார் எழுதியிருக்கீங்க?"

"அது பேராசிரியர் குக் அச்சுல வந்த மத்த ஊரு ஏடுகளையும் சேத்து, சொந்தமாக் கணக்குப் போட்டு எழுதினது. நிச்சயமில்லன்னு நீங்க கைகழுவின விஷயத்துல உங்க பேரை எப்படிப் போடுறது? அது உங்களுக்கே அவமானம் இல்லையா?" பியோ பேனாவை எடுத்தார். "அப்ப நிர்வாகத்துக்குக் குடுத்த கடிதத்துல பொய் எழுதியிருக்கீங்க. அப்படிக் குறிச்சுக்கலாமா?"

பதிலுக்குக் காத்திருக்காமலே அவர் குறித்துக்கொண்டார். ரொம்ப நன்றி, வெயிலில் வந்திருக்கிறீர்கள், வெளியே குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.

வெளியே தண்ணீர் இருந்தது. குடிக்கவும் செய்தாள். தாளமுடியாத அவமானம், அதைவிடக் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே ஒன்பது வருஷம் இப்படி முட்டாளாக இருந்திருக்கிறோமே என்ற வெறுப்பு. காகிதக் கிண்ணத்தை நசுக்கினாள். நேர்காணலுக்கு அடுத்த ஆள் உள்ளே போனதும் ஜங்வு கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்தாள். அப்போதும் அப்படித்தான் நினைத்தாள், பாருங்கள்.

"அக்கா, பெரியவர் மேல வருத்தப்படாதீங்க. அவரு விதிப்படிதான் செய்வாரு" என்றபடி கைபேசியை எடுத்தான். "ஒரு சின்ன உதவி. விடுதியை அறுபது மீட்டர் தள்ளி மேற்குச் சரிவுக்கு மாத்திட்டோம்ல. அந்தப் பக்கத்துக்கு 1744ம் வருஷத்து ஏடு ஒண்ணு கிடைச்சுது. ஓரத்துல என்னமோ கிறுக்கியிருக்கான். எங்க யாருக்கும் புரியல. கொஞ்சம் பாருங்களேன்."

அந்தக் கைபேசியை வாங்கிச் சுவரில் அடித்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது போடா என்று நடையைக் கட்டியிருக்க வேண்டும். அவள் வாங்கினாள். கண் தானாக வாசித்தது, அந்தக் கண்ணுக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அப்புறம் கிண்ணம் கையிலிருந்து விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஜங்வு, இதுவும் அதேதான்."

"எது?"

"மேற்குச் சரிவு. பதினேழு வீடு. 'முன்போலவே மலை இறங்கியது, எலும்பு எடுக்கவில்லை'ன்னு எழுதியிருக்கான். அங்கயும் கட்டக் கூடாது. துவிட்கோல் போன ஒன்பதாவது வருஷத்துல மேற்கும் போயிருக்கு. மொத்த மலையும் அப்படித்தான். போய்ச் சொல்லு, இப்பவே உள்ள போய்ச் சொல்லு."

ஜங்வு கைபேசியை வாங்கி அந்தக் கிறுக்கலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்கு அது வெறும் புழு நெளிந்த தடம். முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. அடிக்கல் நாட்டு விழா அடுத்த வாரம். அமைச்சகத்திலிருந்து ஆள் வருகிறார்கள், பூஜையில் படைக்கிற பன்றித் தலைக்குக்கூடச் சொல்லியாயிற்று. அறிக்கை அச்சாகிவிட்டது, அதில் அவன் பெயர் இருக்கிறது.

"நிச்சயமாத் தெரியுமாக்கா?"

"என்னடா கேக்குற? எழுத்து எழுத்தாச் சொல்றேன், முன்னூறு பிள்ளைங்க படுக்குற இடம்."

"இல்ல, அவசர எழுத்து உங்களுக்கு நிச்சயமா வாசிக்க வராதுன்னு எழுத்துல இருக்குல்ல. இப்ப உள்ளயும் அந்தக் கடிதமே பொய்யின்னு சொல்லிட்டீங்க. நாளைக்கு யாராவது இதை யாரு வாசிச்சான்னு கேட்டா நான் யாரைக் காட்டுறது?"

"வேற யாரையாவது வாசிக்கச் சொல்லு. சியோலுக்கு அனுப்பு."

"அனுப்பலாம். ரெண்டு மாசம் ஆகும்." அவன் பெருமூச்சு விட்டான். நிஜமாகவே அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். "ஆதாரம் நிச்சயமில்லாத தகவலை நாங்க கணக்குல சேக்க மாட்டோங்கக்கா. பூஜ்யம்னு போட்டுட்டு மேல போயிருவோம். அதான் எங்க துறை வழக்கம்."

அங்கேயே, தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் நின்றபடி, கைபேசியில் அட்டவணையைத் திறந்தான். மண்ணுக்குள் போன வீடுகள் என்ற பத்தியில் மேற்குச் சரிவு, 1744 என்ற கட்டம் காலியாக இருந்தது. மிரான் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் பதறாமல், அக்காவின் கையை விலக்குவதுபோலவே விலக்கினான். பிறகு பதினேழு வீட்டுக்குப் பூஜ்யம் போட்டான்.

"ரொம்ப நன்றிக்கா" என்று இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டு, அடுத்த ஆளைக் கேள்வி கேட்க உள்ளே போனான்.